காதில் எண், காலில் ஈ

தேஹூவிலிருந்து பண்டரிபுரம் புறப்படும் துக்காராம் பல்லக்கு, புனேயை அடுத்த நிக்டி வழியாக வந்து ஆகுர்டி விட்டல் கோயிலில் இரவு தங்கும். பக்தி-சக்தி சிலையருகே சாலையோரம் நின்றால், ரதம் இழுத்து வரும் காளைகளைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். ஆனி மாதம், முதல் மழை பெய்து மண் குளிர்ந்திருக்கும் நேரம். கொம்புக்கு வண்ணம், நெற்றிக்குப் பட்டம், முதுகில் சரிகைத் துணி, கழுத்தில் மணிச்சரம். இத்தனை அலங்காரத்துக்கும் நடுவே காதில் மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை ஒன்று. அதில் 12 இலக்க எண். கீழே முன்னங்காலில் ஐந்தாறு ஈக்கள், தலையை மேல்நோக்கி வைத்து வரிசையாக உட்கார்ந்திருக்கும். காளை காலை உதறும். அவை எழும்பி, ஒரு வட்டம் போட்டு, அதே காலில் வந்து உட்காரும்.

அந்தக் காது வில்லை ஈ விரட்டத்தானோ என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பதில் தவறில்லை. மாட்டின் காதில் பூச்சிமருந்து தோய்த்த வில்லையை மாட்டி ஈயைக் கொல்லும் முறை, அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் இருக்கிறது. நம் மாடுகளின் காதில் இருப்பது வேறு. அது அடையாள எண். மருந்து எதுவும் அதில் இல்லை. ஒரே உறுப்பு, ஒரே அளவுப் பிளாஸ்டிக், இரண்டு வேலைகள். ஈயை அடக்கும் பொறுப்பு ஒரு காலத்தில் யாரிடம் இருந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது என்று யோசித்தால் நிக்டியின் கடந்த ஐம்பது ஆண்டுகளையே எழுதவேண்டி வருகிறது.

1972-ல் பிம்ப்ரி-சிஞ்ச்வாட் புதுநகர் வளர்ச்சி ஆணையம் அமைந்தது. இங்குள்ளவர்கள் அதை ‘பிராதிகரண்’ என்று சுருக்கிச் சொல்கிறார்கள். நிக்டி, ஆகுர்டி, சிஞ்ச்வாட் சுற்றுவட்டார விவசாய நிலங்கள் கையகப்படுத்தப்பட்டு, செக்டர் எண்கள் இடப்பட்டு, மனைகளாயின. நிலம் கொடுத்தவர்களுக்குப் பன்னிரண்டரை சதவீதம் திருப்பித் தருவது பற்றிய பேச்சு அதற்குப் பின் பல தேர்தல்களில் அடிபட்டது. 1991-ல் பிம்ப்ரி-சிஞ்ச்வாட்டில் இருந்தவர்கள் 5 லட்சத்துச் சொச்சம். 2001-ல் 10 லட்சம். 2011-ல் 17 லட்சத்தைத் தாண்டினார்கள். டெல்கோவுக்கும் பஜாஜுக்கும் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸுக்கும் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களும் அந்தக் கணக்கில் உண்டு. அப்படி வந்த எங்கள் தலைமுறைக்குப் பழைய நிக்டியின் கடைசிப் பகுதி மட்டும் பார்க்கக் கிடைத்தது: மனைகளுக்கு நடுவே விடுபட்ட சோளக்கொல்லை, ஓட்டு வீட்டை ஒட்டிய மாட்டுத் தொழுவம், சுவர் நிறைய வறட்டி.

அந்தத் தொழுவங்களில் ஒன்று இன்னும் இருக்கிறது. ஓடு போய்த் தகரம் வந்துவிட்டது. நாட்டு மாடுகள் போய்க் கலப்பின மாடுகள் வந்துவிட்டன. அதை நடத்தும் பெரியவரை நான் ‘காகா’ என்பேன். அவர் என்னை ‘அண்ணா’ என்பார். புனேயில் தமிழர் எல்லோருமே அண்ணாதான், வயது ஒரு பொருட்டல்ல. அவர் தன் அப்பா காலத்தைச் சொல்லும்போது முதலில் குறிப்பிடுவது மேய்ச்சலை. காலையில் பால் கறந்ததும் மாடுகள் துர்கா டேக்டி குன்றுப் பக்கம் போய்விடும், வெயில் சாய்ந்ததும் திரும்பும். இன்று அந்தக் குன்று பூங்கா. காலை நடைக்கு வருபவர்களின் செருப்புத் தடம்தான் அங்கே படிகிறது.

மேயும் மாட்டை மொய்ப்பது ஒரு வகை ஈ, கட்டிப்போட்ட மாட்டைக் கடிப்பது இன்னொரு வகை. இந்த வேறுபாடு சின்னதாகத் தோன்றினாலும் மற்றதெல்லாம் இதில்தான் தொங்குகிறது.

மேய்ச்சல் மாட்டின் முதுகிலும் தோள்பட்டையிலும் வயிற்றோரத்திலும் அப்பிக்கொள்வது ஹெமட்டோபியா என்ற சிறிய ஈ. வீட்டு ஈயில் பாதி அளவுதான் இருக்கும். மேற்கத்திய நாடுகளில் கொம்பு ஈ என்றும், ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் காணப்படும் அதன் நெருங்கிய இனத்தை எருமை ஈ என்றும் சொல்வார்கள். தலையைக் கீழ்நோக்கி வைத்து, இரவும் பகலும் மாட்டின் மீதே வாழும். ஒரு நாளில் 20 முதல் 40 முறை வரை இரத்தம் குடிக்கும். மாடு சாணம் போட்ட உடன் இறங்கி, சூடு ஆறுமுன் முட்டையிட்டுவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளும். அந்தச் சாணம் மிதிபடாமல், கலைக்கப்படாமல் புல்வெளியில் கிடந்தால்தான் அதன் குஞ்சு பிழைக்கும். முட்டை முழு ஈயாக வெயில் காலத்தில் பத்து நாளுக்கு மேல் வேண்டும்.

கட்டுத்தறி மாட்டைக் கடிப்பது ஸ்டோமாக்ஸிஸ். பார்ப்பதற்கு வீட்டு ஈ போலவே இருக்கும். முகத்துக்கு முன்னால் ஊசி போல நீட்டிக்கொண்டிருக்கும் வாயைப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். அது காலில்தான் கடிக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் குடித்து முடித்துச் சுவரிலோ தூணிலோ போய் உட்கார்ந்துவிடும். மாட்டின் மீது தங்காது. முட்டையிட அதற்குப் புதுச் சாணம் வேண்டாம். மூத்திரத்தில் ஊறி அழுகிய வைக்கோல், தீவனத் தொட்டியிலிருந்து சிந்திப் புளித்த சோளத்தட்டை, நாள்பட்ட சாணக் குவியல் போதும்.

பழைய நிக்டியில் இந்த இரண்டுக்குமே இடம் குறைவாக இருந்தது. யாரும் ஈயைப் பற்றி நினைத்து எதையும் செய்யவில்லை என்பதுதான் இதில் வியப்பு. சாணம் விறகு, ஆகவே அது கீழே கிடக்காது. விடியற்காலையில் வீட்டுப் பெண்கள் தொழுவத்தை வழித்துச் சாணத்தை அள்ளி, கூளம் கலந்து பிசைந்து, சுவரில் அறைந்துவிடுவார்கள். வெயிலில் ஒரே நாளில் மேல்தோல் காய்ந்துவிடும். காய்ந்த சாணத்தில் எந்த ஈயும் வளராது. மேய்ச்சல் தரையில் விழுந்ததைக்கூடக் கூடை எடுத்துப் போன பிள்ளைகள் பொறுக்கி வந்தார்கள். தப்பியதைச் சாணவண்டு உருட்டிக்கொண்டு போனது. கூளம் மிஞ்சவே மிஞ்சாது. மாடு தின்று கழித்த தட்டையும் அடுப்புக்கோ எருக்குழிக்கோ போய்விடும். ஈ முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துப் பறக்கத் தேவையான அந்தப் பத்து நாளை அந்த வீடு அதற்குக் கொடுக்கவில்லை.

மிஞ்சிய ஈக்கு இருந்தன பழைய கைவைத்தியங்கள். அந்தி நேரத்தில் வேப்பந்தழையையும் ஈரச் சாணத்தையும் போட்டு மூட்டம். புண்ணுக்கும் காது மடலுக்கும் புங்கெண்ணெய். மராத்தியில் கரஞ்ச் எண்ணெய். உண்ணிக்குப் புகையிலைத் தண்ணீர். நம் ஊர்ப் பக்கம் இதே மூட்டத்தில் நொச்சியும் சேரும், அவ்வளவுதான் வேறுபாடு. வாலடியில் ஒட்டிக்கொண்டு நண்டு போலப் பக்கவாட்டில் ஓடும் தட்டை ஈயைக் காகா இன்னும் கையால்தான் பிடிக்கிறார். ஹிப்போபோஸ்கா என்ற அந்த ஈ தோல் போலக் கெட்டியானது. இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கினாலும் சாகாது, விட்டால் பறந்துவிடும். நகத்தால் தலையைக் கிள்ள வேண்டும். அவர் அதைப் பேச்சை நிறுத்தாமலே செய்கிறார்.

மாடும் ஒத்துழைத்தது. இந்தப் பக்கத்து நாட்டு இனமான கில்லார் மாட்டின் தோல் ஈ உட்கார்ந்த இடத்தில் மட்டும் துடிக்கும். மயிர் குட்டை, வால் நீளம். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்து டாங்கி இனத்தின் தோலில் எண்ணெய்ப் பசை கசியும். அடைமழையைத் தாங்க அமைந்தது. எருமைக்குச் சேறு. ஈ இல்லாத காலம் என்று எதுவும் இருந்ததில்லை, அதை நான் அழகுபடுத்த விரும்பவில்லை. குதிரை ஈ கடித்துப் பரப்பும் சர்ரா நோயின் கிருமியை 1880-ல் பஞ்சாபில் கிரிஃபித் எவான்ஸ் கண்டுபிடித்தபோது, குதிரைகளும் ஒட்டகங்களும் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. மூட்டம் போட்டவன் கண்ணும் மாட்டின் கண்ணும் சேர்ந்தே எரிந்தன. கூடை சுமந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை. விடியுமுன் சாணத்தில் முழங்கை வரை கைவிட்ட பெண்களிடம், அது விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு வந்தது பவுடர் காலம். 1950-களில் டெல்லியில் அரசின் டி.டி.டி. ஆலை தொடங்கியது. மலேரியாவுக்காக வீட்டுச் சுவரில் அடித்தவர்கள் தொழுவத்துச் சுவரையும் விட்டுவைக்கவில்லை. கமாக்சின் பவுடரை மாட்டின் முதுகிலேயே தூவித் தேய்த்தார்கள். உண்ணி உதிர்ந்தது, ஈ பறந்தது, மூட்டம் போடும் வேலை மிச்சமானது. அந்த மருந்து எங்கே போய்ச் சேர்ந்தது என்பது பின்னால் தெரிந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 12 மாநிலங்களில் 2,205 பால் மாதிரிகளைச் சோதித்து 1993-ல் வெளியிட்ட ஆய்வில், 82 சதவீத மாதிரிகளில் டி.டி.டி. எச்சம் இருந்தது. வரம்பைத் தாண்டியவை மொத்தத்தில் 37 சதவீதம். மகாராஷ்டிரத்தில் 74 சதவீதம். வயலில் அடித்ததும் தீவனத்தில் படிந்ததும் இதில் சேர்த்திதான். தொழுவத்துப் பவுடரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 1997-ல் கமாக்சின் நாட்டில் தடை செய்யப்பட்டது.

ஏறக்குறைய அதே காலத்தில் உலகின் மறுபக்கத்தில் காது வில்லை பிறந்து, கொடிகட்டிப் பறந்து, சரிந்தது. நாய்க் கழுத்தில் தெள்ளுப் பூச்சிக்காகக் கட்டும் மருந்துப் பட்டையிலிருந்து கிடைத்த யோசனை அது. 1970-களில் அமெரிக்காவின் வளைகுடாக் கடற்கரை மாநிலங்களில், மாட்டின் காதுக்குள் புகும் உண்ணியை ஒழிக்க மருந்து கலந்த வில்லையைக் காதிலேயே குத்திப் பார்த்தார்கள். உண்ணியோடு முதுகில் இருந்த ஈயும் மறைந்தது. பிளாஸ்டிக்குக்குள் கலந்த மருந்து மெல்ல மெல்ல மேற்பரப்புக்குக் கசியும். மாடு தலையைத் திருப்பி விலாவில் தேய்க்கும்போதும், ஒன்றோடொன்று உரசும்போதும் மயிரின் எண்ணெயோடு சேர்ந்து உடல் முழுக்கப் பரவும். இரவும் பகலும் மாட்டின் மீதே வாழும் கொம்பு ஈக்குத் தப்ப வழியில்லை. ஒரு தடவை மாட்டினால் மூன்று முதல் ஐந்து மாதம் வரை வேலை செய்யும். ஆயிரம் தலை மந்தையை ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே பட்டிக்குள் கொண்டுவரும் பண்ணைக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றைச் சொல்ல முடியாது.

1980-ஐ ஒட்டி ஃபென்வலரேட் போன்ற செயற்கை பைரித்ராய்டு கலந்த வில்லைகள் சந்தைக்கு வந்தன. முதல் ஓரிரு பருவம் மாட்டின் மீது ஈயே இல்லை. 1984-க்குள் ஜார்ஜியாவிலும் லூசியானாவிலும் புது வில்லை மாட்டிய மாட்டின் மீதே ஈக்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. காரணம் வில்லையின் நன்மைக்குள்ளேயே இருந்தது. அது மாதக்கணக்கில் மருந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். கடைசி வாரங்களில் அளவு குறைந்துபோகும். குறைந்த மருந்தில் பிழைத்த ஈயின் வாரிசுகள் அடுத்த ஆண்டு முழு மருந்திலும் பிழைத்தன. இரண்டு வாரத்துக்கு ஒரு தலைமுறை என்றால் ஒரு பருவத்தில் எத்தனை தலைமுறை என்று எண்ணிப் பார்க்கலாம். அதற்குப் பிறகுதான் விதிகள் வந்தன: மாட்டுக்கு 200 ஈ என்ற அளவு வரும்வரை மாட்டாதே, பருவம் முடிந்ததும் கழற்றிவிடு, ஒரே மருந்து வகையை அடுத்தடுத்துப் பயன்படுத்தாதே. டையசினான், எண்டோசல்ஃபான், அபாமெக்டின் என்று மருந்துகள் மாறி மாறி வந்தன. விதியைப் பின்பற்றிய பண்ணையில் வில்லை இன்றும் பயன்படுகிறது.

ஆஸ்திரேலியர்கள் கூடவே வேறொரு வழியும் தேடினார்கள். எருமை ஈ அவர்கள் நாட்டுக்கு 19-ஆம் நூற்றாண்டில் திமோர்ப் பக்கமிருந்து கால்நடைகளோடு கப்பலேறி வந்தது. அங்கிருந்த வண்டுகள் கங்காருவின் உலர்ந்த புழுக்கைக்குப் பழகியவை. மாட்டுச் சாணத்தைத் தொடுவது குறைவு. சாணம் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. ஜார்ஜ் போர்னமிசா என்ற ஹங்கேரியில் பிறந்த பூச்சியியலாளர், சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தின் வழியாக வெளிநாட்டுச் சாணவண்டுகளைக் கொண்டுவந்து 1968 முதல் விடச் செய்தார். சாணத்தை விரைவாக மண்ணுக்குள் கொண்டுபோனால் ஈக்கு வீடு இல்லை என்பது அவர் கணக்கு. நிக்டியில் கூடையும் வறட்டியும் செய்த வேலையை அங்கே வண்டுகளுக்குக் கொடுத்தார்கள்.

நம் பக்கம் மருந்து வில்லை தொழுவத்துப் பழக்கமாகவில்லை. இரண்டு மாடு, ஐந்து மாடு வைத்திருப்பவர் அவற்றை நாளுக்கு இருமுறை தொட்டுக் கறக்கிறார்; அவருக்கு ஐந்து மாதத்துக்கு ஒருமுறை என்பது பெரிய வசதியல்ல. ஆனால் முக்கியமான காரணம் வேறு. மாடு மேய்ந்த காலத்தில் அந்த வில்லை நம்மிடம் வந்திருந்தால் முதுகு ஈக்குப் பயன்பட்டிருக்கும். இப்போது மாடு மேயவில்லை. நிக்டித் தொழுவத்தின் எதிரி முதுகில் இல்லை, காலில் இருக்கிறது. காதிலிருந்து பரவும் மருந்து குளம்பு வரை போதிய அளவில் இறங்காது. இறங்கினாலும் மூன்று நிமிடம் உட்கார்ந்துவிட்டுச் சுவருக்குப் போகும் ஈக்கு அது போதாது.

மாடு கட்டுத்தறிக்கு வந்த கதை வளர்ச்சியின் கதைதான். 1967-ல் மணிபாய் தேசாய் உருளிகாஞ்சனில் தொடங்கிய பாயிஃப் நிறுவனம், விவசாயியின் வாசலுக்கே போய்ச் சினை ஊசி போட்டுக் கலப்பின மாட்டைப் பரப்பியது. உழவுக்கென்று வளர்ந்த கில்லார் பசு கன்றுக்குப் போக ஓரிரு லிட்டர் கொடுத்த இடத்தில், ஹோல்ஸ்டீன் கலப்பு நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் கொடுத்தது. அந்தப் பாலில் பிள்ளைகள் படித்தார்கள்; காகாவின் மகள் செவிலியர். பக்கத்து பிம்ப்ரியில் ராணுவத்துக்கே ஒரு பால்பண்ணை இருந்தது. 1889-ல் அலகாபாத்தில் தொடங்கிய அந்த ராணுவப் பண்ணை வரிசை 2021 மார்ச் 31-ல் நாடு முழுவதும் முறையாக மூடப்பட்டது. பையில் அடைத்த பால் வாசலுக்கு வரும்போது தனிப் பண்ணை எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

சமையல் எரிவாயு வந்த பிறகு வறட்டி வாங்க ஆளில்லை. பிராதிகரண் சுவர்களில் சாணம் தட்டவும் முடியாது. விறகாக இருந்த பொருள் கழிவாகிவிட்டது. அள்ளி எங்கே கொட்டுவது என்பதே கவலையாகிவிட்டது. தொழுவத்தின் பின்பக்கம் குவியல் வளர்ந்தது, மழையில் ஊறியது, மேலே தகரம் இல்லாததால் சேறாகிப் பரவியது. பக்கத்து அடுக்ககத்துக்காரர்கள் நாற்றத்துக்கும் ஈக்கும் மாநகராட்சியில் புகார் கொடுத்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கொசுவலை போட்ட ஜன்னலுக்குள் வாழ்பவருக்கு எதிர்வீட்டுச் சாணம் உதவியாக இருந்த நாள் தெரியாது. காகா மருந்துக்குப் போனார். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் தண்ணீரில் கலந்து தெளிப்பது. முதுகுத்தண்டு நெடுக ஊற்றும் ஃப்ளுமெத்ரின். உண்ணிக்கு ஐவர்மெக்டின் ஊசி. பாட்டிலின் பின்புறம் எழுதியிருக்கும் அளவைக் கண்ணாடி போட்டுப் படித்து, ஊசிக் குழாயில் அளந்துதான் ஊற்றுகிறார். அமெரிக்க ஈ கற்ற பாடத்தை நம் உண்ணியும் கற்றுவிட்டது. டெல்டாமெத்ரினுக்குச் சாகாத உண்ணி இருப்பதாகப் பல மாநிலங்களிலிருந்து கால்நடை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். “முன்னே ஒரு மூடி போட்டால் போதும் அண்ணா, இப்போ ரெண்டு போட்டாலும் அது நடந்து போகுது” என்றார் அவர். இரண்டு மூடி போடக் கூடாது என்று நான் சொன்னேன். மருந்துக் கடைக்காரரும் அதையேதான் சொன்னதாகச் சொன்னார்.

2022-ல் ஈயின் கடி வேறொரு பொருள் கொண்டது. தோல் கழலை நோய், இங்கே எல்லோர் வாயிலும் ‘லம்பி’. 1929-ல் ஜாம்பியாவில் முதலில் பதிவான நோய் 2019-ல் ஒடிசாவில் இந்தியாவுக்குள் தெரிந்தது. 2022 ஆகஸ்டில் ஜள்காவ் மாவட்டத்தில் தொடங்கி மகாராஷ்டிரம் முழுக்கப் பரவியது. ஸ்டோமாக்ஸிஸ், கொசு, உண்ணி மூன்றுமே அதைச் சுமக்கக்கூடியவை. ஒரு மாட்டைக் கடித்துப் பாதி வயிற்றோடு விரட்டப்பட்ட ஈ அடுத்த மாட்டின் காலில் குடியை முடிக்கும். அந்த ஊசி வாயின் நுனியில் நோய் தொற்றிக்கொண்டு போகும். செப்டம்பரில் மாநில அரசு மாட்டுச் சந்தைகளையும் மாடு ஏற்றிப் போவதையும் தடை செய்தது. புனே பக்கம் பாத்ரபத அமாவாசையில் வரும் போளா பண்டிகையில் காளைகள் பல ஊர்களில் தொழுவத்தை விட்டு வெளியே வரவில்லை. குங்குமம் இட்டு, கட்டுத்தறியிலேயே போளி ஊட்டிவிட்டார்கள்.

மஞ்சள் வில்லையின் அருமை அந்த மாதங்களில்தான் தெரிந்தது. தேசியப் பால்வள வாரியம் உருவாக்கிய பதிவு முறையில் 2017 முதல் பெரிய அளவில் குத்தத் தொடங்கிய வில்லை அது. எடை 8 கிராம், அப்போதைய விலை ஏறத்தாழ 8 ரூபாய். 2019 செப்டம்பரில் கோமாரித் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது அதற்கும் இந்த எண்தான் அடிப்படை. காதைத் துளைக்கிறார்களே என்று முகம் சுளித்தவர்கள் நிறைய. லம்பி வந்தபோது ஆட்டம்மைத் தடுப்பூசி மாட்டுக்கும் பலன் தரும் என்று கண்டு, அந்த ஆண்டு முடிவதற்குள் மாநிலத்தின் ஏறத்தாழ 1.4 கோடி மாடுகளுக்குப் போட்டார்கள். எந்த மாட்டுக்குப் போட்டாயிற்று, எதற்கு விட்டுப்போயிற்று என்பதை எண் சொன்னது. கறவை மாடு செத்தால் 30,000 ரூபாய், காளைக்கு 25,000, கன்றுக்கு 16,000 என்று இழப்பீடு. மாட்டை இழந்தவரின் கையில் காட்டுவதற்கு ஒரு எண்ணாவது இருந்தது. ஹிசார் விஞ்ஞானிகளும் இசத்நகர் விஞ்ஞானிகளும் சேர்ந்து உருவாக்கிய தனித் தடுப்பூசியைத் தயாரிக்கும் உரிமையை, டிசம்பரில் புனே அவுந்தில் உள்ள அரசுக் கால்நடை உயிரியல் மருந்து நிறுவனம் பெற்றது. 2024 ஜூன் முதல், காதில் எண் இல்லாத மாட்டை மகாராஷ்டிரத்தில் விற்கவோ ஏற்றிப் போகவோ முடியாது.

பழைய நாளில் ஈ பரப்பிய நோயில் செத்த மாடு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஊர் அழுதது, புதைத்தது, அடுத்த கன்றை வளர்த்தது. அதோடு ஒப்பிட்டால் இன்றைய காது வில்லையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த எண்ணுக்கு ஈயைப் பற்றி எதுவும் தெரியாது. ஊசி போட்ட தேதி அதற்குத் தெரியும். தொழுவத்தின் தரை எப்படி இருக்கிறது என்பது தெரியாது. மூட்டம் போட்ட வீட்டுக்கு அது தெரிந்திருந்தது.

நோய் தணிந்த பிறகு தொழுவத்துக்கு வந்த கால்நடை மருத்துவர் ஒருவர் மருந்து பாட்டிலைக் கேட்கவில்லை, மண்வெட்டியைக் கேட்டார். மாடு வழுக்காமல் நிற்க விரித்திருந்த கருப்பு ரப்பர் மெத்தையின் ஓரத்தை நெம்பித் தூக்கினார். அடியில் இரண்டு விரல் கனத்துக்குக் கருஞ்சேறு; மூத்திரம், சாணம், புண்ணாக்குத் தூள் மூன்றும் கலந்து புளித்தது. அதில் வெள்ளைப் புழுக்கள் அரிசி கொதிப்பது போல நெளிந்தன. பக்கத்தில் பழுப்பு நிறக் கூட்டுப்புழுக்கள் கோதுமை மணி அளவில் நூற்றுக்கணக்கில். மெத்தையின் மேல்பக்கம் நாள்தோறும் தண்ணீர் அடித்துக் கழுவியதால் சுத்தமாகவே இருந்தது. கழுவிய தண்ணீர்தான் அடியில் போய்த் தங்கியிருந்தது. தீவனத் தொட்டியின் அடிமூலையிலும் அதே சேறு. மேலே எத்தனை தெளித்தும் ஈ குறையாத காரணம் அங்கே தெரிந்தது: பறக்கும் ஈ கொஞ்சம், அடியில் வளர்வது அதிகம்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் மெத்தைகளைத் தூக்கிச் சாய்த்துவைத்து, அடித்தரையைக் காயவிடுகிறார்கள். தளத்துக்குச் சரிவு கொடுத்துச் சிமென்ட் பூசியாயிற்று. குவியலுக்கு மேல் தகரம் போட்டாயிற்று. சாணத்தை மாவள் பக்கத்துப் பூந்தோட்டக்காரர் ஒருவர் டிராக்டர் வைத்து எடுத்துப்போகிறார். தளேகாவ் சுற்றிலும் ரோஜாக் குடில்கள் பெருகியபின் சாணத்துக்கு மறுபடி ஒரு விலை வந்திருக்கிறது. ஸ்டோமாக்ஸிஸ் முட்டையிலிருந்து ஈயாக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும் என்பதால் வாரம் ஒரு நடை எடுத்தாலே கணக்குக்குப் போதும். மருந்தை முழுக்க நிறுத்தவில்லை. மழை தொடங்கியதும் ஒரு முறை, காலில் ஈ கூடினால் இன்னொரு முறை, அதுவும் வகை மாற்றி. பக்கத்து அடுக்ககத்திலிருந்து சென்ற மழைக்குப் புகார் வரவில்லை.

டிராக்டர் வராத வாரங்களும் உண்டு. திருமண மாதங்களில் பூவுக்குக் கிராக்கி ஏறும்போது அவருக்கு வண்டி கிடைப்பதில்லை. அப்போது காகாவின் மருமகளும் பீகாரிலிருந்து வந்த வேலையாளும் சாணத்தைச் சாக்கில் அடைத்துக் கட்டிவைக்கிறார்கள். கட்டிய சாக்குக்குள் ஈ போகாது. மெத்தை தூக்கும் வேலை இருவருக்கும் பிடிக்கவில்லை. ஒன்று முப்பது கிலோவுக்கு மேல், நனைந்தால் இன்னும் கனம். இடுப்பு வலிக்கிறது என்று மருமகள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அதைச் சுருட்டித் தூக்க ஒரு கப்பி வைக்க முடியுமா என்று பட்டறைக்காரரிடம் விசாரித்திருக்கிறார்கள். தகரக் கூரையின் குறுக்குச் சட்டம் அந்த எடையைத் தாங்குமா என்று பார்க்க அவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.